மருந்துச் சீட்டும் ஜீன் டெஸ்டும்: எதற்கு எடுப்பது, எதற்கு விடுவது

"எல்லா மருந்துக்கும் சேர்த்து ஒரே ஜீன் டெஸ்ட் இருக்காமே மேடம், எடுத்துரலாமா?" என்று யார் கேட்டாலும், முதலில் சீட்டைக் கொடுங்கள் என்பேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் வேலை. எழுதிய மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா, டோஸ் சரியா என்று பார்ப்பேன். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் எதை எப்போது சாப்பிடுவது என்று சொல்லி அனுப்புவேன். சீட்டில் ஜீன் பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்து எதுவும் இல்லையென்றால் அந்த டெஸ்டுக்கு இன்றைக்கு அவசரம் கிடையாது. இருந்தால், அந்த மருந்துக்குரிய ஜீனை மட்டும் பார்த்தால் போதும். இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்: முதலில் பெரிய பேக்கேஜ், கையில் கனமான ரிப்போர்ட், அப்புறம் "இதை வச்சு என்ன பண்றது?"

ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்பதில்லை, மூன்றாமவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிறது. இதற்கு வயது, எடை, சிறுநீரகம், கூடச் சாப்பிடும் மாத்திரைகள் என்று பல காரணங்கள் உண்டு. பிறப்போடு வருவது ஜீன். அது முக்கியமாக மூன்று விதமாகக் குறுக்கே வரும். மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதி (என்சைம்) மந்தமாக இருந்தால் சாதாரண டோஸே உடம்பில் தேங்கி விஷமாகும். சில மருந்துகளை உடம்புதான் மாற்றி வேலைக்குத் தயாராக்க வேண்டும். அந்த நொதி மந்தமாக இருந்தால் மாத்திரை விழுங்கியும் பலன் வராது. மூன்றாவது, மருந்தைப் பார்த்ததும் நோய் எதிர்ப்பு சக்தி வெறிபிடித்து சொந்தத் தோலையே தாக்குவது. கீழே வரும் மருந்துகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் அடங்கும்.

காசில்லாத டெஸ்ட்: வீட்டுப் பெரியவர்கள்

லேபுக்குப் போகுமுன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அம்மா, அப்பா, பாட்டி, சித்தப்பா எல்லோரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். "யாருக்காவது மருந்து அலர்ஜி இருக்கா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்றுதான் பதில் வரும். "மாத்திரை சூடு, ஒத்துக்கலை" என்ற ஒரே வார்த்தைக்குள் நம் வீடுகளில் வயிற்றெரிச்சலும் இருக்கும், உயிர்போன கதையும் இருக்கும். அதனால் துருவிக் கேட்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தபிறகு யாராவது மணிக்கணக்கில் மூச்சு திரும்பாமல் வென்டிலேட்டரில் கிடந்தார்களா? மூச்சுக்குழாய் போடுவதற்காகத் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சமெத்தோனியம் என்ற ஊசி, ஐந்து பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதை உடைக்கும் நொதி ரத்தத்தில் இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் தீராது. 1957-லேயே டொரொண்டோவில் வெர்னர் கலோ இது பரம்பரையாக வருவது என்று காட்டினார்; மருந்தையும் ஜீனையும் சேர்த்துப் பார்க்கும் துறையின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று அது. நமக்கு இன்னும் நெருக்கமான சங்கதி, ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம். அதற்குக் காரணமான மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். அந்தச் சமூகத்தினர் அறுவை சிகிச்சைக்கும், மனநல சிகிச்சையில் மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்னதிர்வுக்கும் முன்னால் மயக்க மருத்துவரிடம் இதை ஒரு வரி சொல்லிவிட வேண்டும். ஜீன் டெஸ்ட்கூடத் தேவையில்லை. சூடோகோலினெஸ்டரேஸ் என்ற சாதாரண ரத்த டெஸ்ட் போதும். பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்கு எடுப்பதும் அதேதான். வயலில் பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிறவிக்குறை இல்லாமலே அளவு குறைவாக வரலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவு குறைவென்று முன்கூட்டியே தெரிந்தால் வேறு தசைத்தளர்த்தி மருந்து போட்டு ஆபரேஷனை நிம்மதியாக முடித்துவிடலாம்.

ஆபரேஷன் மேசையில் திடீரென உடம்பு விறைத்துக் காய்ச்சல் எகிறி யாராவது போனார்களா? அது வேறு ஜீன், பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். இதையும் மயக்க மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

மலேரியா மாத்திரைக்குப் பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போய், கண் மஞ்சளாகி, ரத்தம் ஏற்றினார்களா? ஜி6பிடி நொதிக்குறைவாக இருக்கலாம். மலேரியாவுக்கான பிரைமாகுயின், தொழுநோய்க்கான டாப்சோன் போன்றவை ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இது எக்ஸ் குரோமோசோமில் வருவதால் ஆண்களுக்குத்தான் அதிகம் வெளியே தெரியும். தாய் வழியாக மகனுக்கு இறங்கும். இந்தக் குறையுள்ள பிறந்த குழந்தையின் துணிகளைப் பாச்சை உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட்டுவிடக் கூடாது, உடம்பில் மருதாணியும் வைக்கக் கூடாது. இதைச் சொன்னால் பாட்டிகளுக்கு என்மேல் கோபம் வருகிறது. வரட்டும். இதற்கும் நொதியின் அளவைப் பார்க்கும் டெஸ்ட் போதும். ஒரே எச்சரிக்கை: ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் சமயத்தில் எடுத்தால், பழைய அணுக்களெல்லாம் உடைந்துபோய்ப் புது அணுக்கள்தான் மிஞ்சியிருக்கும், அவற்றில் நொதி அதிகம் என்பதால் ரிசல்ட் நார்மல் போலக் காட்டலாம். சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

ஜென்டாமைசின், அமிகாசின், பழைய காசநோய் ஊசி ஸ்ட்ரெப்டோமைசின் போட்டு அம்மா வழியில் யாருக்காவது காது போனதா? கேள்வியில் 'அம்மா வழியில்' என்பதை விடாதீர்கள். இதற்கான மாற்றம் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது, அது தாயிடமிருந்து மட்டும்தான் வரும். அப்பா வழி அத்தைக்குக் காது கேட்காததற்கும் உங்களுக்கும் இந்த விஷயத்தில் சம்பந்தமில்லை.

வலிப்பு மாத்திரையோ யூரிக் ஆசிட் மாத்திரையோ ஆரம்பித்த சில வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகித் தோல் உரிந்து ஐ.சி.யு.வில் யாராவது இருந்தார்களா? குடல் நோய் மாத்திரைக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியதா? இந்த இரண்டுக்கும் தனித்தனியாக வருகிறேன்.

அசதயோபிரின்: நம்மவர்களுக்குத் தவறாமல் பார்க்க வேண்டியது

ஒரே ஒரு ஜீன் டெஸ்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். அசதயோபிரின் (கடையில் அசோரான், இமுரான்) குடல் அழற்சி, லூபஸ், சிறுநீரக மாற்று சிகிச்சை எல்லாவற்றிலும் எழுதப்படுகிறது. இதன் அண்ணன் 6-மெர்காப்டோபியூரின், குழந்தைகளின் ரத்தப்புற்றுநோயில் மாதக்கணக்கில் தினமும் கொடுக்கப்படுவது. இரண்டுமே கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் உருவாக்கியவை. 1988-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த மருந்துகள் சிலருக்கு எலும்பு மஜ்ஜையை அடக்கி வெள்ளை அணுக்களைத் தரைமட்டமாக்கும். டி.பி.எம்.டி. என்ற நொதி மந்தமாக இருப்பதுதான் காரணம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பியர்களில் அது சரிதான். ஆனால் ஆசியாவில் டி.பி.எம்.டி. நார்மலாக இருந்தவர்களுக்கும் அணுக்கள் விழுந்தன. 2014-இல் கொரியாவில் கிரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயாளிகளை ஆராய்ந்தபோது என்.யு.டி.டி.15 என்ற இன்னொரு ஜீன் பிடிபட்டது. ஐரோப்பியர்களில் அந்த மாற்றம் அரிது. தெற்காசியர்களில் பத்துப் பேரில் ஒருவருக்குக் குறையாமல் ஒரு பிரதியாவது இருக்கிறது (அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இந்த ஜீனுக்கு இரண்டு பிரதி). கிழக்கு ஆசியாவில் இன்னும் அதிகம்.

இந்த மருந்துகளின் குடும்பப் பெயர் தயோபியூரின். ஆகவே லேபில் "தயோபியூரின் டெஸ்ட்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "என்.யு.டி.டி.15 இதில் சேர்ந்திருக்கா?" என்று கேளுங்கள். டி.பி.எம்.டி. மட்டும் என்றால் அது நமக்குப் பாதி டெஸ்ட்கூட இல்லை.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்கள் நிறைய. "ஜீன் டெஸ்ட் எழுதுங்க" என்று உத்தரவு போடுவதுபோல் கேட்டால் யாருக்கும் பிடிக்காது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "டாக்டர், அசோரான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்.யு.டி.டி.15 பார்த்துக்கலாமா? ரிசல்ட் வர்றவரைக்கும் பொறுக்கலாமா, இல்லை குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சுக்கலாமா?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். நோய் முற்றியிருந்தால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க முடியாது. அதை அவர்தான் சொல்ல முடியும்.

ரிசல்ட் வந்தபிறகு என்ன மாறும்? மருந்தையும் ஜீனையும் பொருத்தி சர்வதேச நிபுணர் குழு ஒன்று வழிகாட்டிகளை வெளியிடுகிறது, சி.பி.ஐ.சி. என்று அதற்குப் பெயர், யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதன்படி ஒரு பிரதி மட்டும் கெட்டிருந்தால் வழக்கமான டோஸில் 30 முதல் 80 சதவீதத்தில் ஆரம்பிக்கலாம். இரண்டுமே கெட்டிருந்தால், புற்றுநோய் அல்லாத வியாதிகளுக்கு வேறு மருந்துக்குப் போவதே நல்லது. ரத்தப்புற்றுநோய்க் குழந்தைக்கு மருந்தை விட முடியாது. வழக்கமான அளவில் சிறு பங்குதான் கொடுப்பார்கள். அந்தச் சிறு அளவே அந்தக் குழந்தையின் உடம்பில் முழு டோஸின் வேலையைச் செய்யும். "என் பிள்ளைக்கு மட்டும் ஏன் மருந்து கம்மியா குடுக்கிறாங்க?" என்று கலங்கும் பெற்றோரிடம் இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது.

ரிப்போர்ட் நார்மல் என்றால் ரத்த டெஸ்டை விட்டுவிடலாமா? கூடாது. முதல் மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த இரண்டு மாதம் மாதம் இருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை என்று அணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது எல்லோருக்கும் பொது. ஜீனைத் தாண்டியும் இந்த மருந்துக்கு எதிரிகள் உண்டு: யூரிக் ஆசிடுக்குக் கொடுக்கும் அலோபியூரினாலும் ஃபெபுக்சோஸ்டாட்டும் அசதயோபிரினைத் தேங்க வைக்கும். மூட்டு வலிக்கு வேறொரு டாக்டரிடம் போகும்போது அசோரான் சாப்பிடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆரம்பித்த சில வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் "தண்ணி மாறினதால" என்று எண்ணெய் தேடாமல், அன்றைக்கே டாக்டருக்கு போன் போட்டு ரத்தம் கொடுங்கள். என்.யு.டி.டி.15 மாற்றம் உள்ளவர்களில் முடிக்குப் பின்னாலேயே அணுக்களும் விழும்.

ஸ்டென்ட் வைத்தவர்களின் குளோபிடோக்ரெல்

ரத்தம் உறைந்து அடைக்காமலிருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல், விழுங்கும்போது செயலற்ற பொருள். ஈரலில் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதி அதைத் மாற்றிய பிறகுதான் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைத் தடுக்கும். நொதி மந்தமானவர்களுக்கு அந்தத் தடுப்பு குறையும், ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்து கூடும். 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைக் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களை ஆராய்ந்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நொதி ஓரளவோ முழுவதுமாகவோ மந்தம் என்று தெரிந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கு குளோபிடோக்ரெல் கொடுக்குமுன் இந்த ஜீனைப் பாருங்கள் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2024-இல் பரிந்துரைத்தது.

நம் ஊரில்? ஸ்டென்ட் வைத்தவருக்கு டிகாக்ரெலாரோ பிராசுக்ரெலோ கொடுத்திருந்தால் இந்த ஜீனைத் தேட வேண்டாம். இரண்டும் அந்த நொதியை அவ்வளவாக நம்பியிருப்பவை அல்ல. குளோபிடோக்ரெலில் இருந்துகொண்டே மறுபடி அடைப்பு வந்தவருக்கும், பக்கவாதத்துக்குப் பிறகு நீண்ட காலம் அதை மட்டுமே நம்பியிருப்பவருக்கும் கேட்டுப் பார்ப்பது நியாயம். டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சு வாங்க வைக்கும். முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிராசுக்ரெல் ஆகாது. எதற்கு மாறினாலும் ரத்தக்கசிவு ஆபத்தும் கூடும். ஆகவே மாற்றம் கார்டியாலஜிஸ்ட் கையில்தான்.

ரிசல்ட் வரும்வரை மாத்திரையை நிறுத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மந்தமான தடுப்பு, தடுப்பே இல்லாததைவிட மேல். ஸ்டென்ட் வைத்த புதிதில் ஒரு சில நாள் விட்டாலே அடைத்துப் போகலாம்.

ஜீன் டெஸ்டைவிட மலிவாக நான் தினமும் செய்வது ஒன்று உண்டு. சீட்டில் குளோபிடோக்ரெலோடு ஒமெப்ரசோல் இருக்கிறதா என்று பார்ப்பேன். நம் ஊரில் எந்தச் சீட்டும் கேஸ் மாத்திரை இல்லாமல் நிறைவு பெறாது. ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அதே 2சி19 நொதியை அமுக்கிவிடும். ஜீன் நன்றாக இருப்பவரையும் மந்தமானவராக ஆக்கிவிடும். பான்டோபிரசோலில் அந்தத் தொல்லை குறைவு. வீட்டிலுள்ள இதய நோயாளியின் அட்டைகளை இப்போதே திருப்பிப் பார்த்து, ஒமெப்ரசோல் இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

டெக்ரிடால் ஆரம்பிக்கும் முன்

கார்பமாசெபின் (கடையில் டெக்ரிடால்) வலிப்புக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கன்னத்தில் மின்னல் வெட்டுவது போன்ற முக நரம்பு வலிக்கும், மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கிறார்கள். இதில் பயப்பட வேண்டியது ஸ்டீவன்ஸ்-ஜான்சன்: காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண், பிறகு தோல் கொப்புளித்து உரிவது. 2004-இல் தைவானில் இப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரை ஆராய்ந்தார்கள். 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி*15:02 என்ற ஜீன் வகை இருந்தது. மருந்தோடு ஒரு ஜீன் இவ்வளவு அச்சாகப் பொருந்திவருவது அபூர்வம்.

சீனர், தாய்லாந்துக்காரர், மலாய்க்காரர்களிடம் இந்த வகை அதிகம். இந்தியர்களிடம் சராசரியாக 2 முதல் 4 சதவீதம், சில குழுக்களில் அதற்கும் மேல் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பேடு சொல்கிறது. சிங்கப்பூரில் 2013 முதலே ஆசிய வம்சாவளியினர் புதிதாக கார்பமாசெபின் தொடங்குமுன் இந்த டெஸ்ட் எடுப்பது நடைமுறை. அங்கிருக்கும் நம் சொந்தங்களுக்குக் கேட்காமலே எழுதுவார்கள். இங்கே நீங்கள் கேட்க வேண்டும். இருப்பதாக வந்தால் லெவெடிராசெட்டம் போல வேறு மருந்துகள் உண்டு. கார்பமாசெபினின் நெருங்கிய உறவான ஆக்ஸ்கார்பசெபினுக்குத் தாவுவது தீர்வாகாது. இன்னொரு வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினிலும் கவனம் வேண்டும்.

ஏற்கெனவே வருடக்கணக்கில் டெக்ரிடால் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், டெஸ்டுக்கு ஓடவும் வேண்டாம். இந்த ஆபத்து பெரும்பாலும் முதல் சில மாதங்களோடு சரி. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். கண்ணுக்கெதிரே இருக்கும் ஆபத்து அதுதான். புதிதாக ஆரம்பிப்பவர்கள், ஜீன் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருந்தாலும், தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த வேளை மாத்திரை போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். 15:02 இல்லாதவர்களுக்கும் அரிதாக வரத்தான் செய்கிறது.

யூரிக் ஆசிடுக்கான அலோபியூரினாலுக்கு பி*58:01, எச்.ஐ.வி. மருந்து அபாகாவிருக்கு பி*57:01 என்று இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. அபாகாவிர் கதை இந்தத் துறையின் பெருமை. 2008-இல் வெளியான ஆய்வில், ஜீன் பார்த்துக் கொடுத்த குழுவில் சோதனையில் உறுதியான ஒவ்வாமை ஒருவருக்குக்கூட வரவில்லை. பார்க்காமல் கொடுத்த குழுவில் 2.7 சதவீதம் பேருக்கு வந்தது.

கீமோவும் கட்டியின் ஜீனும்

குடல், மார்பகப் புற்றுநோய்க்கு கேப்பசிட்டபின் மாத்திரையோ 5-எஃப்.யு. ஊசியோ எழுதினால் அந்த மருந்தை உடைக்கும் நொதிக்கான டி.பி.ஒய்.டி. ஜீன் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2020-இலிருந்து இதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் வழக்கமாகத் தேடும் நான்கு மாற்றங்களும் ஐரோப்பியர்களிடம் கண்டவை. நமக்கு நார்மல் என்று வந்தால் அந்த நான்கும் இல்லை என்று மட்டுமே அர்த்தம். முதல் சுற்றிலேயே கடும் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் வந்தால் "கீமோன்னா அப்படித்தான்" என்று பொறுத்துக்கொண்டிருக்காமல் அன்றே கூப்பிட வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பிறவி ஜீன். நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர். பார்க்கச் சொல்வது கட்டியின் ஜீன், அது வேறு. அதில் மாற்றம் இருந்தால் ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரை வேலை செய்யும்; பெரும்பாலும் அது பிள்ளைகளுக்கு இறங்காது. இதற்குப் பயாப்ஸியில் எடுத்த கட்டித் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக் வேண்டும். வேறு ஊருக்கு சிகிச்சைக்குப் போகும்போது ஃபைலோடு பிளாக்கையும் முதல் லேபிலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

எதற்கு வேண்டாம்

இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டிலும் ஜீனுக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. இருந்தாலும் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். என்ற டெஸ்ட் உங்கள் ஜீன், கீரை, ஆன்டிபயாடிக் எல்லாம் சேர்ந்து விளைந்த முடிவை நேராகக் காட்டிவிடுகிறது. அந்தக் காசுக்கு ஐ.என்.ஆரை ஒழுங்காகப் பாருங்கள்.

சென்னைக்கு இதில் ஒரு பழைய பங்கு உண்டு. 1956-இல் தொடங்கிய மதராஸ் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம்தான் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்தை வேகமாக உடைப்பவர், மெதுவாக உடைப்பவர் என்று தென்னிந்திய நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தது. அதிக டோஸ் கொடுத்தபோது கால் எரிச்சல், மரத்துப்போதல் எல்லாம் பெரும்பாலும் மெதுவானவர்களுக்குத்தான் வந்தது. அதற்காக இன்று காசநோயாளிகளை ஜீன் டெஸ்டுக்கு அனுப்புகிறோமா? இல்லை. பி6 மாத்திரை ஒன்றைக் கூடவே கொடுத்துவிடுகிறோம். மலிவான, ஆபத்தில்லாத தடுப்பு கையில் இருக்கும்போது டெஸ்ட் தேவைப்படுவதில்லை. உங்கள் டி.பி. மருந்தோடு பி6 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரஷருக்கும் சர்க்கரைக்கும் எந்த மாத்திரை ஒத்துவரும் என்று ஜீனை வைத்துச் சொல்வதாக வரும் விளம்பரங்களை நான் கண்டுகொள்வதில்லை. குழந்தைக்குக் கணக்கு வருமா, பாட்டு வருமா என்று சொல்லும் டெஸ்டைப் பற்றி இங்கே பேசவே வேண்டாம்.

சாம்பிள் கொடுப்பதும் ரிப்போர்ட் படிப்பதும்

ஜீன் டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஊதா மூடிக் குழாயில் ரத்தம், அல்லது எச்சில். எச்சில் என்றால் அரை மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, தண்ணீர், வெற்றிலை எதுவும் கூடாது. எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்களின் ரத்தத்தில் இருப்பது கொடுத்தவரின் ஜீன். எச்சிலிலும் அது கலந்திருக்கும். ஈரல் மாற்று செய்தவரின் ஈரல் நொதிகளும் கொடுத்தவருடையவை. இதைச் சொல்லாமல் சாம்பிள் கொடுத்தால் ரிசல்ட் வேறு யாருடையதோ ஆகிவிடும். டி.பி.எம்.டி.யை ஜீனாகப் பார்க்காமல் நொதியாகப் பார்த்தால், சமீபத்தில் ரத்தம் ஏற்றியவருக்குத் தவறாக வரும்.

பணம் கட்டுமுன் லேபில் மூன்று கேள்வி: எந்தெந்த மாற்றங்களைத் தேடுகிறீர்கள்? எத்தனை நாளாகும்? ரிப்போர்ட்டில் டோஸ் பற்றிய விளக்கம் இருக்குமா? விலை லேபுக்கு லேப் நிறையவே மாறுகிறது. இரண்டு இடத்தில் விசாரியுங்கள்.

ரிப்போர்ட்டில் *1, *2 என்று நட்சத்திரம் போட்டிருக்கும். *1 என்றால் தேடிய மாற்றம் எதுவும் அகப்படவில்லை என்று பொருள். தேடாதவற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இரண்டு எண்கள் இருப்பது அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. கீழே மந்தம், இடைநிலை, நார்மல், வேகம், அதிவேகம் என்று ஒரு தரம் கொடுத்திருப்பார்கள். அதிவேகம் என்றால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். இருமலுக்கும் வலிக்கும் கொடுக்கும் கோடெய்னை மார்ஃபினாக மாற்றும் நொதி அதிவேகமாக இருந்தால் குழந்தைக்கு மூச்சே நின்றுபோகலாம். 12 வயதுக்குக் கீழே கோடெய்ன் கூடாது என்று அமெரிக்காவில் 2017-இல் தடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் மிச்சமிருக்கும் பெரியவர்களின் இருமல் மருந்துப் புட்டியில் கோடெய்ன் என்று போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இந்த ரிசல்ட் ஆயுளுக்கும் மாறாது. ஆனால் நம் ஊரில் ரிப்போர்ட்டுகள் பீரோவுக்குள் போனால் திரும்புவதில்லை. ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் ஏறக்குறைய 7,000 பேரை வைத்து, 12 ஜீன்களைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொடுப்பதை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2023-இல் வந்தது. ஜீன் பார்த்துக் கொடுத்தவர்களில், பொருட்படுத்தவேண்டிய பக்கவிளைவுகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. அவர்களுக்குப் பர்ஸில் வைக்கும் அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை நாமே செய்துகொள்ளலாம்: விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் பெயர், ரத்த வகை, ஜீன், ரிசல்ட், எந்த மருந்தில் கவனம், டெஸ்ட் எடுத்த தேதி. லேமினேட் செய்து ஒன்று பர்ஸில், போட்டோ ஒன்று போனில். டிஸ்சார்ஜ் சம்மரியில் அலர்ஜி என்ற இடத்தில் இதையும் எழுதச் சொல்லுங்கள். புது டாக்டர் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

உடன்பிறந்தவர்களிடமும் சொல்ல வேண்டும். என்.யு.டி.டி.15 இரண்டு பிரதியும் கெட்டிருந்தால், பெற்றோர் இருவரிடமும் குறைந்தது ஒன்றாவது இருக்கிறது. கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்காவது அதே நிலை இருக்க வாய்ப்பு. மாமன் மகளை, அக்கா மகளைக் கட்டிய குடும்பங்களில் இப்படி இரண்டு பிரதியும் ஒன்றுசேர்வது கூடுதலாக நடக்கும். சக்சமெத்தோனியம் ஊசியை உடைக்க முடியாத பிறவிக்குறைக்கும் இதே கணக்குதான். உடன்பிறந்தவர் இன்றைக்கு எந்த மாத்திரையும் சாப்பிடாதவராக இருந்தால் அவருக்கு உடனே டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை. ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, மருந்தின் பெயரைத் தமிழில் எழுதி, "டாக்டர் இதை எழுதினா முதல்ல இந்த ரிப்போர்ட்டைக் காட்டு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.